கட்டாத பட்டு, போடாத ஜீன்ஸ்: வெட்டும் முன்பும் வெட்டிய பிறகும்

கேள்வி இதுதான். அம்மாவின் கல்யாணப் பட்டு ஒன்று, பாட்டி கட்டிய சுங்குடிச் சேலைகள், அளவு சேராமல் போன பட்டு ரவிக்கைகள், கணவர் போடாமல் விட்ட ஜீன்ஸும் முழுக்கைச் சட்டைகளும், யார் யாரோ வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துண்டுகள் என்று பீரோ நிறைந்து கிடக்கிறது. வீட்டில் பழைய கறுப்புத் தையல் மெஷின் இருக்கிறது. நேர்த்தையல் ஓட்டத் தெரியும். இவற்றிலிருந்து பை, பர்ஸ், தலைப்பட்டை என்று ஏதாவது தைக்க முடியுமா, எதில் தொடங்குவது?

தாராளமாகத் தைக்கலாம். கீழே நான் சொல்லும் எதற்கும் நேர்த்தையல் போதும். ஆனால் வேலையின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பெரும்பாலோர் முதலில் ஒரு பையின் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். பிறகு அதற்கேற்ற துணியைப் பீரோவில் தேடுகிறார்கள். கடையில் வாங்கும் புதுத் துணிக்கு அது சரி. பழைய துணி எதைத் தாங்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு என்ன தைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

உடுத்தாமல் வைத்திருந்தால் துணி புதிதாகவே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பீரோவுக்குள்ளேயும் துணிக்கு வயதாகிறது. ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடக்கும் பட்டு, அந்த மடிப்புக் கோட்டிலேயே விட்டுப்போகும்; ஜரிகை கனமாக ஓடும் முந்தானையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உலோகம் சுற்றிய கனத்த இழை, மெல்லிய பட்டு இழைகளை மடிப்பு முனையில் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. வியர்வை பட்ட அக்குள் பகுதியில் பட்டு நைந்துவிடும். கஞ்சி போட்டு மடித்த பருத்தியைப் பூச்சி தேடி வரும். எலாஸ்டிக், ஒருமுறைகூடப் போடாத உடையிலும் இறுகி நொறுங்கும். செயற்கைத் தோல் ஒட்டிய பெல்ட்டும் பையும் உரிந்து செதிலாகக் கொட்டும். அதை எந்தத் தையலாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே சோதனை முதலில். துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் அங்கே இழை போய்விட்டது. பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்துத் துணியைப் பக்கவாட்டில் இழுங்கள். பாவு (நீளவாக்கில் ஓடும் இழை) வழியாக ஒருமுறை, ஊடை (குறுக்கே ஓடும் இழை) வழியாக ஒருமுறை. நல்ல துணி எதிர்த்து நிற்கும். நைந்த பட்டு மெல்லிய சத்தத்தோடு கீறிக்கொள்ளும். அப்படிக் கீறினால் அதைப் பையின் அடிப்பகுதிக்கோ கைப்பிடிக்கோ நினைக்கவே கூடாது. மல் துணியில் வைத்துத் தைத்து, இழுவை படாத இடத்தில் மட்டும் வைக்கலாம்: பர்ஸின் மேல்மடிப்பு, துணி பொத்தான், கண்ணாடிக் கூட்டின் முகப்பு.

பட்டா, கலப்பா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் கரியை விடும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பருத்தி, காகிதம் எரிவதுபோல் மணந்து சாம்பலாகும். இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு சூடாக்கலாம் என்பதற்கும் இதுதான் வழிகாட்டி.

அடுத்தது, எதை வெட்டக்கூடாது என்பது. இதில் நான் கொஞ்சம் கறார். யாராவது அப்படியே போட்டுக்கொள்ளக்கூடிய சட்டையை எடுத்து நான்கு பர்ஸ் தைப்பது மறுபயன்பாடு ஆகாது. நல்ல சட்டையைக் கெடுப்பதுதான். அதைப் போடும் ஆள் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ரவிக்கைகளையும் உடனே வெட்ட வேண்டாம். நம் ஊர்த் தையல்காரர்கள் பக்கத்தையலில் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று வரி ஓட்டியிருப்பார்கள். உள்வரியைப் பிரித்துவிட்டாலே சில ரவிக்கைகள் மறுபடி சேர்ந்துவிடும். அப்படியும் சேராதவற்றில் கைப்பகுதிதான் சொத்து: கரை முழுதாக இருக்கும், வியர்வை அதிகம் பட்டிருக்காது. முன்பகுதி டாட் (உடல்வடிவத்துக்காகப் போடும் மடிப்புத் தையல்) பிடித்து, வளைத்து வெட்டப்பட்டிருப்பதால் அதில் நேரான துண்டு எதுவும் தேறாது.

இப்போது அம்மாவின் கல்யாணப் பட்டு. இதை நடுவில் வெட்ட மனம் வராது; வெட்டவும் வேண்டாம். புடவையின் உடல் சுமார் 5.5 மீட்டர் நீளம். அதில் இடுப்பில் முதலில் செருகும் உள்முனை வெளியே தெரிவதே இல்லை. அங்கிருந்து 40 அல்லது 50 சென்டிமீட்டர் எடுத்தால் பலரால் அந்தப் புடவையைத் தொடர்ந்து கட்ட முடியும். கரை இரு பக்கமும் அதே அகலத்தில் அங்கும் ஓடும். ஃபால்ஸ் தைத்திருந்தால் மட்டும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் அகலத்தில் அரை மீட்டர் பட்டு என்பது கொஞ்சம் இல்லை. அக்கா தங்கைகளுக்கு ஆளுக்கொரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்து, புடவையையும் வைத்துக்கொள்ளலாம். ரவிக்கைத் துணி வெட்டப்படாமல் புடவையோடே இருந்தால் அதைவிட நல்லது.

பாட்டி காலத்து ஒன்பது கஜம் இருந்தால் வழி இன்னும் எளிது. அது எட்டு மீட்டரைத் தாண்டும். முந்தானை இருக்கும் பக்கமாக ஐந்தரை மீட்டரை விட்டுவிட்டால், இன்று எல்லோரும் கட்டும் நீளத்தில் ஒரு புடவையும், தைப்பதற்கு இரண்டரை மீட்டருக்கு மேல் துணியும் கிடைக்கும்.

காஞ்சிபுரம் பட்டு என்றால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேறு நிறம் என்று இருக்கும் பழைய புடவைகளில், கரையும் உடலும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டிருக்கும். ஊடை நூலைக் கொண்டுபோகும் தறி நாடாக்கள் மூன்றை ஓட்டி, பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு நெய்யும் வேலை அது. இணையும் கோட்டைப் பின்பக்கம் பார்த்தால் இரு நிற இழைகளும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருப்பது தெரியும். கரையைத் தனியே எடுக்கும்போது அந்தக் கோட்டின் மேலேயே கத்திரியை ஓட்டினால் பிடி விட்டு, ஊடை இழைகள் நழுவி வந்துகொண்டே இருக்கும். உடல் பக்கம் அரை அங்குலம் தள்ளி வெட்டி, அந்த அரை அங்குலத்தை உள்ளே மடித்துத் தையுங்கள்.

இரண்டாவது ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்கப் பூச்சு கொடுத்தது. உள்ளே இருக்கும் நூல் பெரும்பாலும் சிவப்பாகச் சாயமேற்றப்பட்டிருக்கும். ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தெரியும். கறுத்திருந்தால் அழுக்கு என்று நினைத்துப் புளி, எலுமிச்சை என்று தேய்க்க வேண்டாம். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து பூச்சும் போகும். பழைய பட்டை எடைக்கு எடுப்பவர்கள் இந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள். விற்கும் எண்ணம் இருந்தால், தெருவில் கூவி வருபவர் சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாமல் இரண்டு கடைகளில் கேட்டுப் பாருங்கள். நைந்து உடல் முழுதும் போய், ஜரிகை மட்டும் கனமாக நிற்கும் புடவை என்றால் விற்பதில் தவறே இல்லை.

தைக்கும்போது ஜரிகை ஊசியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். 14 எண் ஊசியைப் புதிதாகப் போட்டுத் தொடங்குங்கள். இழை இழுபட்டால் உடனே மாற்றுங்கள். வெட்டிய ஜரிகை முனை தோலில் குத்தும் என்பதால் தலைப்பட்டை, கைப்பட்டை போன்றவற்றுக்கு உள்பக்கம் மென்பருத்தி லைனிங் கட்டாயம்.

சுருக்குப் பையையே முதல் பட்டு வேலையாகச் சொல்வேன். வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகிக்கொண்ட பாட்டிகள் அதன் கச்சிதத்தை அறிந்தவர்கள்; இன்று அதே பையைப் பொட்லி என்று பெயர் மாற்றி, முத்துக் கோத்துக் கல்யாணக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். பட்டில் 8 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு. லைனிங்கில் அதே அளவில் இரண்டு. இணையத்தில் பார்க்கும் முறையில் பையை முழுதாகத் தைத்து முடித்த பிறகு வாயைச் சுற்றி நாடா ஓடும் வரியைத் தைப்பார்கள். உங்கள் கறுப்பு மெஷினின் தளம் தட்டையானது. சிறிய பையின் வாயை அதன் மேல் மாட்டிச் சுற்றி ஓட்ட முடியாது.

அதனால் துண்டு விரிந்திருக்கும்போதே நாடாப் பாதையைத் தைத்துவிடுங்கள். ஏழரை அங்குல நீளம், ஒன்றேமுக்கால் அங்குல அகலத்தில் கரைத்துணியில் இரண்டு பட்டி வெட்டி, இரு முனைகளையும் அரை அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். நீள ஓரங்களைக் கால் அங்குலம் மடித்து இஸ்திரி போடுங்கள். பட்டுத் துண்டின் மேல்விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே, நட்டநடுவில் வைத்து, மேலும் கீழும் மட்டும் நேராக ஓட்டுங்கள். இரு முனையும் திறந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டுத் துண்டையும் ஒரு லைனிங் துண்டோடு மேல்விளிம்பில் சேருங்கள். இரண்டையும் விரித்து, பட்டின் மேல் பட்டு, லைனிங் மேல் லைனிங் என்று நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி வைத்து, அரை அங்குலம் விட்டுச் சுற்றிலும் தையுங்கள். லைனிங்கின் அடியில் மூன்று அங்குலம் மட்டும் திறந்துவிடுங்கள். அந்த வழியாகத் திருப்பி வெளியே எடுத்து, திறப்பைக் கையால் மூடி, லைனிங்கை உள்ளே தள்ளினால் பை வந்துவிடும். 24 அங்குலக் கயிறு இரண்டு. ஒன்றை வலப்பக்கமாக நுழைத்து இரு பட்டிகளிலும் சுற்றி அதே பக்கம் எடுத்து முடிச்சுப் போடுங்கள், மற்றொன்றை இடப்பக்கமாக. இரண்டையும் எதிரெதிரே இழுத்தால் வாய் சுருங்கும்.

சிவப்பு, அரக்குப் பட்டுகள் சாயம் விடக்கூடியவை. வெள்ளை வேட்டியை லைனிங்காக வைக்கும் முன், ஈர வெள்ளைத் துணியைப் பட்டின் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் லைனிங்கையும் அடர்நிறத்தில் போடுங்கள். வீடு வீடாகச் சுற்றி, சில சமயம் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும் அந்த ரவிக்கைத் துண்டுகளுக்கு இதுதான் சரியான வேலை. பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் இருக்கும் அவற்றில் ஒரே துண்டு பல பைகளுக்கு லைனிங் ஆகும். பருத்தித் துண்டுகளை முதலில் நனைத்துக் காயவைத்து விடுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

ஜீன்ஸ் நேர்மாறான துணி. பலத்துக்குக் குறைவில்லை, வெட்டுவதில்தான் கவனம் வேண்டும். பொதுவாகக் காலின் உள்பக்கத் தையல் மடித்து இரட்டை வரி போட்டது. வெளிப்பக்கத் தையல் சாதாரணமாகச் சேர்த்து ஓவர்லாக் போட்டது. வெளிப்பக்கத்தைப் பிரித்தால் கால் முழுதும் ஒரே விரிப்பாகத் திறந்துகொள்ளும். உள்பக்கத்தின் இரட்டை வரி நடுவில் அலங்காரமாக நிற்கும். முழங்காலும் தொடையின் உள்பகுதியும் மெலிந்திருக்கும், அவற்றைத் தவிருங்கள். பின்பாக்கெட்டைப் பிரிக்காமல், பின்னால் உள்ள துணியோடு சேர்த்தே வெட்டியெடுத்தால் கைப்பேசிப் பைக்கு முகப்பு தயார். இடுப்புப்பட்டி ஏற்கெனவே பல மடிப்பாகத் தைக்கப்பட்டது. அதைவிட உறுதியான கைப்பிடியை வீட்டில் தைப்பது கடினம். பித்தளை ஜிப்பையும் விடாதீர்கள். சிறிய பர்ஸுக்கு அது அளவாக இருக்கும்.

இழுபடும் ரக ஜீன்ஸ் மட்டும் வேறு கதை. அதில் உள்ள மீள் இழை காலப்போக்கில் தளர்ந்து துணி அலையலையாகிவிடும். சுமை தூக்கும் பை தைத்தால் அடி தொங்கும். இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் கொடுத்துச் சிறிய பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மெஷினில் ஜீன்ஸ் ஓடுமா என்று பயப்பட வேண்டாம். 16 எண் ஊசி, தேவைப்பட்டால் 18. தையலைக் கொஞ்சம் நீளமாக, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள். மடிப்புகள் சேரும் மேட்டில் ஏறும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் கால் சரிந்து, தையல் விட்டுப்போகும். அதே கனத்தில் மடித்த துண்டு ஒன்றைக் காலின் பின்பகுதிக்கு அடியில் கொடுத்துச் சமப்படுத்திவிட்டு, மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றி அந்த நான்கைந்து தையலைக் கடந்துவிடுங்கள். மேட்டை முன்கூட்டியே துணி போர்த்தி சுத்தியலால் தட்டினால் இன்னும் எளிது. பாக்கெட் மூலையில் இருக்கும் உலோக ஆணி ஊசிக்கு எமன். அருகில் போகும் முன் நிறுத்திவிடுங்கள்.

காலர் தேய்ந்தோ கறை பட்டோ யாரும் போட முடியாமல் போன சட்டைகளில் முதுகுதான் பெரிய துண்டு. பட்டன் பட்டியை அப்படியே வைத்து முன்பகுதியை வெட்டினால், காஜா எடுக்காமலேயே பட்டன் போட்டு மூடும் பை கிடைக்கும். கையின் நீளத்தில் 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத்துக்குத் துண்டு எடுத்து, குழாயாகத் தைத்துத் திருப்பி, ஏழு எட்டு அங்குல எலாஸ்டிக்கைக் கோத்தால் கொண்டைக்குப் போடும் சுருக்கு வளையம். எலாஸ்டிக்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். முதல் முயற்சியும் இதுவாகவே இருக்கட்டும். நூல் இழுவையும் பாபினும் சரியாக இருக்கின்றனவா என்பது சட்டைத்துணியிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு ஜீன்ஸ், பட்டு கடைசியில். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், முதுகுத் துணியில் தைத்த, மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளும் காய்கறிப் பையும் வீண்போகாது.

பாட்டியின் சுங்குடிகள் மென்மையாகி, ஒற்றைத் துணியாக எதையும் தாங்காத நிலையில் இருக்கும். இதற்கு வங்காளத்துப் பெண்கள் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். நைந்த புடவைகளைச் சில அடுக்காகப் பரப்பி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே நெருக்கமாக ஓட்டத்தையல் போடுவார்கள். காந்தா என்று இன்று கடைகளில் விற்பதன் ஆரம்பம் அதுதான். மூன்று அடுக்குச் சுங்குடியைக் கால் அங்குல இடைவெளியில் கையால் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கூடு, மடிக்கணினி உறை, தோள்பையின் அகலப் பட்டை எல்லாவற்றுக்கும் தகுந்த மெத்தென்ற துணியாக அது மாறிவிடும். நேரம் பிடிக்கும் வேலை. அவசரப்படுகிறவர்கள் மெஷினில் வரி வரியாக ஓட்டலாம், ஆனால் அந்த மென்மை வராது.

கைப்பிடி பற்றி ஒரு வார்த்தை. பட்டுக் கரையை மட்டும் மடித்துத் தைத்த பிடி பார்க்க அழகு, தாங்காது. உள்ளே ஜீன்ஸ் பட்டையோ தடித்த காடாவோ வைத்துத் தையுங்கள். பையோடு சேருமிடத்தில் ஒரு சதுரம் ஓட்டி, அதற்குள் குறுக்காக இரண்டு கோடு போடுங்கள்; பை பெரும்பாலும் அறுவது அங்கேதான். தோளில் மாட்ட 26 அங்குலம், குறுக்காகப் போட 50 அங்குலம் இருந்தால் பலருக்குச் சரியாக வரும். உங்கள் உயரத்துக்கு ஒரு நாடாவைத் தொங்கவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பட்டில் தைத்த எதையும் சோப்புப் பொடியில் ஊறவைக்காதீர்கள். காரம் பட்டை அரிக்கும். லைனிங்கை வெளியே இழுத்து ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். எடுத்து வைக்கும்போது பையை மடிக்காமல், உள்ளே பழைய பருத்தித் துணியைச் சுருட்டித் திணித்து வையுங்கள்.